ஆள் தெரியாத ரத்தம்

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பது பாதிப் பொய். வரிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல்வரை போய் வருகிறேன். "கட்டில்ல முள்ளா வெச்சிருக்கோம், பெரியவரே?" என்று நர்ஸ் கேட்டுவிட்டாள்.

என் இதயத்துக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே, ஆள் தெரியாமல் சொந்த உடம்பைத் தாக்குகிறதாம். கம்பெனி கேட்டில் முதலாளியையே மறித்த வாட்ச்மேன் நான். என் ரத்தம் மட்டும் வேறு எப்படி இருக்கும்?

மருந்து ஏறுகிறது. கரையும் என்கிறார்கள். அதை விடு.

"வீட்ல யாருக்காவது கரு தங்காம போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். இந்த வியாதியால் அப்படியும் ஆகுமாம். சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் வருமாம். உனக்கு இருக்கிறதா என்பது ரத்தம் பார்த்தால்தான் தெரியும். இருந்தால், அடுத்த முறை மருந்து கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாமாம்.

இரண்டு தடவை கலைந்தபோதும், பஸ்ஸில் போனதால்தான், வாளி தூக்கினதால்தான் என்று உன்னையே திட்டிக்கொண்டாய். இனிமேல் திட்டுவதானால் என்னைத் திட்டு. நாளைக்கே மாப்பிள்ளையோடு போய் ரத்தம் பார்த்துவிடு. என்னைப் பார்க்க அப்புறம் வரலாம்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்
அப்பா