பதினொரு நாள் லீவு

2024 டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு என் பஸ்ஸைக் கோப்பிக் கடைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட இன்னும் நாலு மணித்தியாலம் இருக்கிறது. இந்த மஞ்சள் பஸ்ஸுக்குள் இருந்து எழுதினால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் என்றால் இவர் "என்னப்பா, என்னைப் பற்றியோ எழுதுறீர்?" என்று கேட்பார். இன்றைக்கு அவரைப் பற்றித்தான்.

நேற்று இவர் கையெழுத்து வைத்துவிட்டார். மகள் அட்சயாவுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. ஆமியில், இந்த நாட்டு இராணுவத்தில், சேருவதற்குத் தாய் தகப்பனில் ஒருவரின் ஒப்பம் போதுமாம். பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இவர் வேலை செய்த தொழிற்சாலையை செப்டெம்பரில் மூடிவிட்டார்கள். ரிசேர்வ் என்ற பகுதிநேரப் படையில் பயிற்சி பெறும் அதிகாரியாகச் சேர்ந்தால் படிப்புச் செலவில் பாதியைத் திருப்பித் தருவார்கள். பதிலுக்குக் கிழமையில் ஒரு பின்னேரம், இடைக்கிடை சனி ஞாயிறு, கோடை முழுக்கப் பயிற்சி. இது சரிவராவிட்டால் பல்கலைக்கழகம் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வருட டிப்ளோமாதான்.

"அது அங்கத்தை ஆமி, இது இங்கத்தை ஆமி" என்கிறார் இவர். "ரெண்டும் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் வரும்" என்றேன். சாவகச்சேரியில் ஆமி என்ற அந்தச் சொல்லைக் கேட்டு நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். இவர் திருகோணமலை. அவரும் ஓடியவர்தான், ஆனால் மறந்த மாதிரி நடிக்கிறார்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

டிசம்பர் 16, திங்கள்

உடற்தகுதிச் சோதனையில் அட்சயா சித்தியடைந்துவிட்டாள். இருபது கிலோ மணல் மூட்டைகளைத் தூக்கி, இழுத்து, ஓடிக் காட்டினாளாம். அரிசி மூட்டையைக் காரிலிருந்து இறக்க அப்பாவைத் தேடுகிற பிள்ளை.

இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்றேன். "நீ கஷ்டப்பட்டுச் செய்த ஒரு விஷயம் சொல்லு எண்டு கேட்டவை. நான் ஆஸ்துமாவைச் சொன்னன். சின்னனில ஜிம் வகுப்புக்கே போக மாட்டன், பிறகு ஓடி ஓடி அதை வெண்டனான் எண்டு. அவைக்கு நல்லாப் பிடிச்சிட்டுது அம்மா."

ரொட்டிக்குக் குழைத்த மாவில் கை அப்படியே நின்றுவிட்டது. நல்லகாலம், இவர் உடனே தன் பழைய ஓட்டப்போட்டிக் கதையைத் தொடங்கிவிட்டார்.

2025 ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்.

விடிய எழும்பிப் பொங்கிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அட்சயா சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பைப் பார்த்தபடி இருந்தாள். ஆமியின் மருத்துவப் பிரிவிலிருந்து மின்னஞ்சல். சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது என்று எழுதியிருக்கிறாய், டொக்டரின் பதிவுகளை அனுப்பு. அதைப் பார்க்கும்வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படும்.

"ஏன் நீ உதை எழுதினனி?" என்று இவர் கேட்டார்.

"உண்மையை எழுதச் சொல்லித்தானே அப்பா கேட்டிருக்கினம்."

இந்தக் கொப்பியில் பொய் எழுதக் கூடாது. முதலில் எனக்கு வந்தது "அப்பாடா" என்ற நினைப்புத்தான். என் வாயால் வேண்டாம் என்று சொல்லாமலே காரியம் முடிந்துவிட்டது. அவளுக்குப் பொங்கலும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக் கொடுத்தபோது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

எழுதிவிடுகிறேன். அட்சயாவுக்கு ஒரு நாளும் ஆஸ்துமா, எங்கள் பேச்சில் முட்டு வருத்தம், இருந்ததில்லை.

2019 பெப்ரவரி. பதினொரு வயதில் பெரியபிள்ளையானாள். இவரின் தமக்கை பேபி மச்சாள் விட்பி நகரத்திலிருந்து அன்றைக்கே பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டு வந்து இறங்கிவிட்டா. பதினொரு நாள் பிள்ளை வெளியே போகக் கூடாது, அதன்பிறகுதான் தண்ணி வார்ப்புச் சடங்கு என்று கட்டளை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. காய்ச்சல் என்றேன். ஒரு கிழமையானதும் டொக்டரின் கடிதம் வேண்டும் என்றார்கள்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசியது ஒரு ஆம்பிளை. அவனுக்கு இதை எப்படி இங்கிலிஷில் சொல்வது? எங்கள் டொக்டர் யூஜினி தமிழ்தான். ஆனால் இதுக்காகப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மறித்தாய் என்று கிழித்துவிடுவா. "முட்டு எண்டு சொல்லு. ஒருத்தரும் மறுகேள்வி கேளாயினம்" என்றா மச்சாள். பிள்ளைக்கு அப்போது கொஞ்சம் இருமலும் இருந்தது. இரவில் மூச்சு இழுக்கிறது, நித்திரையில்லை என்று டொக்டரிடம் சொன்னேன். கடிதமும் கிடைத்தது, மருந்தை இழுக்கிற ஒரு பம்ப்பும் கிடைத்தது.

அதோடு விட்டேனா? அடுத்த வருடம் பள்ளிக்கூடத்துப் பனிக்கால முகாமுக்கு அனுப்பாமல் விடவும் அதையே சொன்னேன். பிறகு நீச்சல் வகுப்புக்கும். பிள்ளை யாரிடமும் மாறிச் சொல்லிவிடக் கூடாதே என்று அவளிடமும், "உனக்கு முட்டு, ஓடாதை" என்றே சொல்லி வைத்தேன். இவருக்கும் அதுதான் தெரியும். பொய் வசதியாக இருந்தது, வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 22, புதன்

பேபி மச்சாள் போன் எடுத்தா. இந்த உலகத்தில் அவவுக்கும் எனக்கும் மட்டும்தான் இது தெரியும். "உது கடவுளாப் பாத்துச் செய்தது. நீ வாயைத் திறவாதை, பிரசாந்தினி. பொம்பிளைப் பிள்ளையை ஆமிக்கு அனுப்பிப்போட்டு நாளைக்கு ஆருக்கு மறுமொழி சொல்லப் போறாய்?" என்றா.

அவ சொன்னதில் பாதி என் மனதில் இருந்ததுதான். அதை அவவின் வாயால் கேட்கப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

பதிவுகளை எடுக்க அட்சயா டொக்டர் யூஜினியிடம் போய்வந்தாள். பழைய கோவையில் முட்டு என்று மூன்று தரம் எழுதியிருக்கிறதாம். மூச்சுச் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறா. அதுவரை தேவைப்பட்டால் பாவிக்கச் சொல்லிப் புதுப் பம்ப் ஒன்றும்.

நாலு நாளாக அவள் ஓடப் போகவில்லை. கேட்டால் நெஞ்சு இறுக்குகிறதாம். "அது போகவேயில்லைப் போல, அம்மா. நான்தான் போயிட்டுது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்." பம்ப்பைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிகிறாள். படி ஏறும்போது நடுவில் நிற்கிறாள்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? ஆமி வேண்டாம் எண்டு நினைச்சன், ஓம். பிள்ளை நோயாளியா இருக்கவேணும் எண்டு நான் நினைக்கேல்லையே.

பெப்ரவரி 13, வியாழன்

பனி கொட்டிவிட்டது. பஸ்கள் ஓடாது என்று விடியவே தகவல் வந்தது. இவருக்கு இடுப்பு நோ என்பதால் நானும் அட்சயாவும்தான் பனி வழிக்கிற சவளோடு இறங்கினோம். பத்து நிமிடத்தில் அவள் நின்று பம்ப்பை எடுத்தாள்.

"அதை உள்ள வை" என்றேன்.

"நெஞ்சு இறுக்குது, அம்மா."

"உனக்கு முட்டு இல்லை. ஒரு நாளும் இருக்கேல்லை. நான் டொக்டருக்குப் பொய் சொன்னனான்."

பனிக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு நாள், பள்ளிக்கூடத்து போன், பனிக்கால முகாம், நீச்சல். முடிந்தபிறகு,

"அப்ப நான் எதை வெண்டனான்?" என்றாள்.

நான் சவளில் ஒட்டிய பனியைத் தட்டினேன்.

"கிரேட் நைன் வகுப்பில முதல்நாள் ஓடேக்கை, செத்துப்போவன் எண்டு நினைச்சனான், அம்மா. நினைச்சுக்கொண்டுதான் ஓடினனான்."

"நீ ஓடினது ஓடினதுதானே, பிள்ளை."

"நீங்கள் கதைக்க வேண்டாம்." சவளைப் பனிக்குள் குத்தி நிறுத்தினாள். "ஏன் இப்ப சொல்லுறீங்கள்? பேசாமல் இருந்திருந்தால் என்னை எடுத்திருக்க மாட்டினம். அதைத்தானே நீங்கள் விரும்பினது."

"ஓம், விரும்பினனான்" என்றேன்.

அவள் சவளை எடுத்து எங்கள் பாதை முழுவதையும் வழித்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பாதையையும் வழித்தாள். பம்ப்பை எடுக்கவில்லை. நான் சவளை ஊன்றிக்கொண்டு அவளின் மூச்சைக் கேட்டபடி நின்றேன்.

இவருக்கும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "ஆறு வருஷமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு ரீவியைப் போட்டார். ஆனாலும் ஆறு வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்கிறது.

பெப்ரவரி 19, புதன்

டொக்டர் யூஜினியிடம் தனியே போனேன். நான் சொல்லச் சொல்ல அவ கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா.

"இதை அப்பவே ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏசுவீங்கள் எண்டு."

"இப்ப ஏசாமல் விடுவன் எண்டு நினைச்சீரோ?"

விடவில்லை. பத்து நிமிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன். "பெரியபிள்ளையானதைச் சொல்ல உமக்கு வெக்கம். இல்லாத வருத்தத்தைச் சொல்ல வெக்கமில்லை. நான் அந்தப் பிள்ளைக்குத் தேவையில்லாத மருந்தெல்லோ தந்திருக்கிறன்." நடந்ததை என் கைப்பட எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னா. அது ஆமிக்கும் போகுமாம். மூச்சுச் சோதனையையும் கட்டாயம் செய்யவேணுமாம். "இந்தமுறை உம்மடை வாயை நம்ப மாட்டன். மெஷினைத்தான் நம்புவன்."

இங்கிலிஷில் அரைப் பக்கம் எழுதினேன். எங்கள் வழக்கப்படி பிள்ளையை வீட்டில் வைத்திருந்தோம், காரணம் சொல்ல வெட்கப்பட்டேன், என் மகளுக்கு ஆஸ்துமா இருந்ததில்லை. அவ்வளவுதான். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எழுதியிருந்தால் இதைவிடக் குறைவாகவே எழுதியிருப்பேன். கீழே கையெழுத்து வைத்தபோதுதான் நினைவு வந்தது: பிள்ளையை ஆமிக்கு விட இவர் முதலே வைத்துவிட்ட கையெழுத்தை இப்போது நானும் வைத்திருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

பள்ளிக்கூட விடுமுறை, அதனால் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மூச்சுக்குழாயை இறுக்கப் பார்க்கும் ஒரு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இழுக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் ஊதவைத்தார்கள். முட்டு உள்ளவர்களுக்கு அதில் தெரிந்துவிடுமாம்.

நான் வெளியே கதிரையில் இருந்தேன். ஆயிரம் தரம் சொன்ன பொய் ஒருதரம் பலித்துவிட்டால்? சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். பிள்ளைக்கு முட்டு இருக்கக் கூடாது என்று. அப்படியென்றால் ஆமியில் எடுக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? சரி, அப்படியே இருக்கட்டும் முருகா என்றேன்.

மார்ச் 20, வியாழன்

ஒன்றுமில்லை. சுத்தமான நெஞ்சு. டொக்டர் யூஜினி தானே போன் எடுத்திருந்தா. பஸ்ஸில் பிள்ளைகள் இருந்தபடியால் திரும்பக் கூப்பிட ஒரு மணித்தியாலமானது. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுக் கேட்டேன். கேட்டுவிட்டு வெறும் பஸ்ஸுக்குள் இருந்து நன்றாக அழுதேன். நல்ல அழுகை.

அட்சயாவிடம் சொன்னபோது "தாங்ஸ்" என்றாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடப் போனாள். ஒன்றரை மணித்தியாலம் வரவில்லை.

மே 14, புதன்

எடுத்துவிட்டார்கள். கோடைப் பயிற்சிக்கு ஜூன் கடைசியில் போக வேண்டும். இவர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் எடுத்துச் சொல்லுகிறார். பேபி மச்சாள் இரண்டு நாளாக என் போனை எடுப்பதில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான்.

அட்சயா என்னோடு மரியாதையாகத்தான் கதைக்கிறாள். கேட்டதற்கு மறுமொழி, சாப்பிட்டால் கோப்பையைக் கழுவி வைக்கிறாள். அந்தக் கதையை மட்டும் பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. முன்பு கதவை அடித்துச் சாத்துவாள், இப்போது மெல்லச் சாத்துகிறாள். அடித்துச் சாத்தினால் தேவலை.

ஜூன் 28, சனி

விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். என்னையும் பிடித்தாள், கொஞ்சம் அவசரமாக.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

அட்சயா பயிற்சியிலிருந்து போன் எடுத்தாள். மழையாம், நுளம்பாம், கால் முழுக்கக் கொப்புளமாம், ஓட்டத்தில் நாலாவதாக வந்தாளாம். கடைசிச் செய்தியை அப்பாவிடம் சொன்னாள். நான் சமையலறைப் போனிலிருந்து கேட்டேன்.

செப்டெம்பர் 10, புதன்

பல்கலைக்கழகம் தொடங்கி ஒரு கிழமை. முதல் தவணைக் காசு கட்டியாயிற்று. பாடங்களில் சித்தியடைந்தால் பாதி திரும்பி வரும். இவருக்கும் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இந்த வருடம் மூச்சு விடலாம்.

இன்று பின்னேரம் அவளுக்குப் பரேட், ஆமியின் கிழமைப் பயிற்சி. பஸ்ஸை விட்டுவிட்டு வந்து நான்தான் காரில் கொண்டுபோனேன். சீருடையோடு பக்கத்து சீற்றில் இருந்தாள். முதலில் ஒருமாதிரி இருந்தது, இரண்டு சந்தி தாண்ட அவள் அட்சயாவாகிவிட்டாள். வகுப்பில் யாரிடமோ தொற்றிய தடிமன், வழியெல்லாம் இருமினாள். அதைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

பயிற்சிக் கூடத்து வாசலில் இறங்கித் தொப்பியைச் சரிசெய்தாள். கதவைச் சாத்தப்போனவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"அம்மா, இது வெறும் தடிமன். கேட்டுதோ? தடிமன். போய் ஒரு டொக்டருக்கும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

முகத்தை இறுக்கித்தான் வைத்திருந்தாள். ஆனால் வாயின் ஒரு ஓரம் அவள் சொல்லுக் கேட்கவில்லை.

"சொல்ல மாட்டன்" என்றேன்.

கதவை அடித்துச் சாத்திவிட்டு ஓடினாள். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தேன். இப்போது அடுப்பில் அவளின் தடிமனுக்கு மல்லித்தண்ணி கொதிக்கிறது. ஒன்பது மணிக்குக் கூட்டிவரப் போகவேண்டும்.