ஈரம் காயாத விரிசல்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று காலை அப்புத்தளைக்குக் கீழே தார் காய்ச்சும் வாசனை அடித்ததும் உன் நினைவு வந்துவிட்டது.

நாம் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில், அடுத்தடுத்த அறைகளில் பிறந்தவர்கள். படித்து நான் வீதி வேலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தன் ஆனேன். நீ எனக்குக் கீழே தார் ஊற்றும் ஆட்களுக்குத் தலைவன். தனியே இருந்தால் என்னை "டேய்" என்பாய். ஆட்கள் முன்னால் "சேர்". அந்த "சேர்" என்ற சொல்லில் ஒளிந்திருந்த சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஆனாலும் மதியத்தில் உன் மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டியில் பாதியை, நான் கேட்காமலே என் பக்கம் தள்ளிவைப்பாய்.

அப்போது ஒரு வளைவில் ரோட்டை அகலமாக்கப் பள்ளத்துப் பக்கம் மண் நிரப்பியிருந்தார்கள். பழைய ரோடும் புதியதும் சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல் விரிசல். மழைத்தண்ணீர் இறங்கினால் நிரப்பிய மண் சரிந்துவிடும். நீ பத்திரிகைத் தாளைத் திரித்து உள்ளே இறக்கி எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாய்.

"ஈரமா இருக்குங்க சேர். தார் ஒட்டாது. ரெண்டு நாள் காயட்டும்."

"நாளைக்குப் பெரியவங்க பார்க்க வர்றாங்க. ஊத்து."

"நீங்க புத்தகத்துல படிச்ச தண்ணி வேற போலங்க. இது நம்ம ஊர்த் தண்ணி."

ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் கத்தினேன். நீ ஊற்றினாய்.

அடுத்த மழையில் தார் தோலாக உரிந்து, வளைவின் ஓரம் பள்ளத்துக்குப் போனது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கந்தோரில் மேலதிகாரிகள் விசாரித்தபோது, "காயவிடாமல் ஊற்றியது அவன்தான்" என்றேன். உன் வேலை போனது. நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காகவும் உன்மேல் கோபப்பட்டேன். பிறகு நீ இறந்தபோது, செத்த வீட்டுக்கும் வரவில்லை. நீ குடித்துவிட்டு ஊற்றியதாக யாரோ கட்டிய கதையை உன் பிள்ளைகள் இன்னும் நம்புகிறார்களாம்.

இன்றும் மேலிடம் அவசரப்படுத்தியது. நான் விரிசலுக்குள் தாளைத் திரித்து இறக்கினேன். கன்னத்தில் சில்லென்றது. வேலையை நிறுத்திவிட்டேன். அவர்கள் திட்டியதை மறக்கமாட்டேன், நான் எதையும் மறக்கிறவன் இல்லையே. ஆனால் இன்று கத்தவில்லை.

இந்தக் கடிதத்தை ஹாலிஎலைக்கு, உன் மனைவிக்கு அனுப்புகிறேன். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாமல் போகாது. ஆனால் பெயர் போட்டால், மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் எனக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பாரம் அவருக்கு எதற்கு? உன்மேல் தப்பில்லை என்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டட்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.