மேக் பக்கத்தில் இருந்த பெயர்

வியாழன், இரவு

எங்கள் சாஃப்ட்வேருக்கு விண்டோஸ், ஆண்ட்ராய்டு, மேக் மூன்றுக்கும் உதவிப் பக்கங்கள் எழுதுவது என் வேலை. படங்களில் மாதிரிப் பெயராகப் பக்கத்து சீட்டுக்காரர் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். எனக்கு முரளி. அவன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம். ஒரு மெசேஜ்கூட இல்லை. மற்ற இரண்டிலும் அப்போதே மாற்றிவிட்டேன். மேக்கில் மட்டும் விட்டு வைத்திருந்தேன்.

"மேக்ல மட்டும் ஏம்மா இன்னும் அந்தப் பேரு?" என்றார் மேனேஜர் இன்று.

"மெஷின் கிடைக்கல சார்."

மெஷின் என் மேஜையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். மாற்றினேன்.

ஆவடி ரயிலில் நின்றபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படத்தில் 'வணக்கம், திவ்யா'. முரளி சீட்டுக்கு வந்திருக்கும் புதுப் பெண், அவள் என்ன செய்வாள், பாவம். அடியில் வழக்கமான கேள்வி: இந்தப் பக்கம் உதவியாக இருந்ததா? 'இல்லை'யை அழுத்தினேன். காரணம் கேட்டது. எழுதவில்லை.

காலையில் அந்தப் புகார் எனக்குத்தான் வரும்.