விடை போட்ட புத்தகம்

2009 ஜூலை 13, திங்கள்

வெப்ப இயக்கவியலுக்கும் புள்ளியியல் இயற்பியலுக்கும் சேர்த்து வகுப்புக்கு ஒரே புத்தகம்தான் சொல்ல முடியும். இந்தத் தீவுக்கு அது சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். மூலக்கூறுகளிலிருந்து தொடங்கும் புத்தகத்தைச் சொன்னேன். அழகாக யோசிக்க வைக்கும். கணக்குகளுக்கு மட்டும் விடை இருக்காது.

வகுப்பு முடிந்ததும் செல்வி வந்தாள்; இங்கிருந்து இன்னொரு கப்பல் ஏறிப் போக வேண்டிய ஹட் பே தீவுக்காரி.

"மேடம், கணக்கெல்லாம் போட்டுக் காட்டுற அந்த மோட்டா புக், தடியா இருக்குமே, அதையே சொல்லுங்களேன்."

"அது மனப்பாடம் பண்றவங்களுக்கு."

"லீவுல ஜஹாஜ் ஏறி ஊருக்குப் போயிட்டா, டவுட் கேக்க அங்க யாரு மேடம் இருக்கா?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். தலை வலிக்கிறது. இரண்டு புத்தகங்களும் மேசையில் கிடக்கின்றன. அந்த அழகான புத்தகத்தை நான் தனியாகவே படித்து முடித்ததாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஆனால் அன்று கணக்கு நகராமல் நின்றபோதெல்லாம் சுவரைத் தட்டினேன். எம்.எஸ்ஸி. படித்த அண்ணன் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்தான்.