ஒரே ஆளின் இரண்டு இரத்த அழுத்தங்கள்

செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்த பட்டியலில் நீ இருந்தாய். சிகிச்சைக்கு வராமல் நின்றுபோனவர்களின் பட்டியல் அது. நீ விட்டுப்போன மர அடிக்கோலை வரிவரியாக இறக்கிக்கொண்டே வாசித்தேன். இரண்டாவது பக்கத்தின் நடுவில் கோல் நின்றது. இரத்த அழுத்தம், மூன்று மாதமாக வரவில்லை, வீட்டுக்குப் போய் விசாரிக்கவும்.

நீ வராததற்குத் தக்க காரணம் இருந்தது. உன் இறுதிச் சடங்குக்கு நான் வந்திருந்தேன்.

பட்டியலைக் கொண்டுவந்த மா தீரி நம் பிரிவின் பதிவாளர். நீ ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், உன்னைத் தெரியாது. இவர் இறந்துவிட்டார் என்றேன்.

"இறப்புச் சான்று இருக்கா, சயா?" என்று பர்மியில் கேட்டார்.

"இருக்கு. வேற பேர்ல."

"அப்போ இவர் இன்னும் சாகல, சயா."

விதிப்படி அவர் சொன்னது சரி. அந்த விதியை எழுதியவன் நான்.

ரங்கூன் தமிழர்களில் நம் வயதுக்காரர்கள் பலருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஆசிரியரின் வாய்க்கு வசதியாக ஒரு பர்மியப் பெயர் வைத்தார்கள். அடையாள அட்டை, சம்பளம், ஓய்வூதியம், மரணம் எல்லாம் அந்தப் பெயருக்குப் போகும். வீடு, கோயில், கல்யாணப் பத்திரிகை, அம்மாவின் திட்டு எல்லாம் தமிழ்ப் பெயருக்கு. உன் இரண்டு பெயர்களில் எதையும் இங்கே எழுத மாட்டேன். நோயாளியின் பெயர் வெளியே போகக்கூடாது என்பதில் நீ எவ்வளவு கறார் என்பதை நான் மறக்கவில்லை. பட்டியல் அச்சடித்த தாளில் சமூசா மடித்துத் தந்தான் என்று டீக்கடைக்காரனோடு நீ போட்ட சண்டையும் நினைவிருக்கிறது. அந்தத் தாளை அவன் கையில் கொடுத்தது நம் அலுவலகம்தான் என்பது பிறகு தெரிந்தது.

நாம் இருவரும் ஒரே நாளில் கியாக்டடா சுகாதார அலுவலகத்தில் சேர்ந்தோம். ஊரில் யாருக்கு என்ன நோய் என்று எண்ணுவது வேலை. முப்பது வருடத்துக்கு மேல் எண்ணினோம். ஒருவரையும் குணப்படுத்தியதில்லை, ஆனால் எத்தனை பேர் குணமானார்கள் என்பதை நாம் சொன்னால்தான் மேலே நம்புவார்கள். அட்டையும் பேனாவும் போய்க் கணினி வந்தபோது, ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் பதிவாகியிருப்பது தெரிந்தது. மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. நோயாளிகளைக் குறைக்க முடியாது, பதிவுகளையாவது குறைக்கலாம் என்று நினைத்தார்கள்.

அதற்குத்தான் அந்தக் கூட்டம். பிரிவுத் தலைவர் பதவி காலியாக இருந்தது. நீயா நானா என்பது இந்தக் கூட்டத்தில் தெரிந்துவிடும் என்று மாடிப்படி வரைக்கும் பேச்சு. நான் ஒரு விதியோடு வந்தேன். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மூன்றும் ஒத்துப்போனால் இரண்டு பதிவும் ஒரே ஆள். எதில் அதிகம் எழுதியிருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம். சுத்தமான விதி. அரைப் பக்கத்தில் அடங்கியது. இயக்குநருக்கு அரைப் பக்கம் என்றால் உயிர்.

நீ மட்டும் எழுந்தாய். "இரண்டையும் வச்சுக்கணும், ஐயா. கூடுதலா எழுதினதுதான் உண்மைன்னு எப்படிச் சொல்றது?"

இயக்குநர் ஓர் உதாரணம் கேட்டார். நீ வாயைத் திறந்தாய், மூடினாய். "இருக்கு, ஐயா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாய். உதாரணம் இல்லாத ஆட்சேபம் குறிப்பில் ஏறவில்லை. பதவி எனக்கு வந்தது.

கீழே டீக்கடையில் நீதான் முதலில் பேசினாய்.

"நிறைய எழுதினது எல்லாம் உண்மைன்னா, நம்ம வருசாந்திர அறிக்கைதான்டா உலகத்துலயே பெரிய உண்மை."

"பொறாமைடா உனக்கு."

"அதுவும் இருக்கு" என்றாய். காசை நீயே கொடுத்தாய். என்னைவிட வயதில் மூத்தவன் நீ, முன்னதாக ஓய்வு பெறும் வரை எனக்குக் கீழே துணைத் தலைவராக இருந்தாய். ஒரே ஒரு விஷயத்தில்தான் மல்லுக்கு நின்றாய். கணினியில் ஏற்றிய பழைய அட்டைகளை எடைக்குப் போடக் கூடாது என்று பீரோ கேட்டு எழுதினாய், மறுபடி மறுபடி எழுதினாய். எரிச்சலில் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பட்டியலில் இருந்த உன் தமிழ்ப் பெயரைத் திறந்தேன். துறைமுகத் தொழிலாளர்கள் வரிசையில் நிற்கும் சின்ன சுகாதார நிலையம் ஒன்றின் பதிவு அது. அங்கே உள்ள அட்டைகள் போன மாதம்தான் கணினிக்கு வந்தன. திறந்ததும் இயந்திரம் உன் பர்மியப் பெயரையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அது நம் ஊழியர் மருத்துவ அறையின் பதிவு. இறப்பு என்று முடித்திருந்தது. மூன்றும் ஒத்துப்போகின்றன, இணைக்கவா என்று கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லா இணைப்பையும் முடிக்கச் சொல்லி மேலிடத்துத் தாக்கீது வேறு. அழுத்தினால் நீ முழுதாக இறந்துவிடுவாய். விரல் பொத்தான் வரை போய்விட்டது.

அப்போதுதான் எண்களைப் பார்த்தேன். ஊழியர் அறைப் பதிவில், வருடக்கணக்காக, ஒவ்வொரு முறையும் நூற்றிருபதுக்கு எண்பது. பாடப்புத்தகத்து மனிதன். சின்ன நிலையத்துப் பதிவில் வரிகள் குறைவு. எண்கள் ஒவ்வொரு வருடமும் ஏறிக்கொண்டே போயின. என் விதிப்படி வரி அதிகம் உள்ளது நிற்கும், மற்றது போகும்.

அழுத்தவில்லை. விசாரிக்கவும் என்று பட்டியலே சொல்லியிருந்ததால், அலோனில் இருக்கும் உன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

உன் மனைவி கதவைத் திறந்ததும் என் கையில் இருந்த தாளைத்தான் பார்த்தாள்.

"வாங்கண்ணே. என்ன, ஆபீஸ் விசயமா?"

"ஆமா தங்கச்சி. அவர் மூணு மாசமா சிகிச்சைக்கு வரலைன்னு…"

அவள் சிரித்துவிட்டாள். "வரச் சொன்னீங்கன்னு சொல்றேன். உக்காருங்க."

டீயோடு ஒரு பிஸ்கட் டின்னும் வந்தது. உள்ளே இரண்டு அட்டைகள், இரண்டு பெயர்கள்.

"அந்த ஆபீஸ் ரூம்ல இவர் போனாலே நாற்காலி போடுவாங்களாம். கையில பட்டையக் கட்டுறதுக்கு முன்னாடியே நம்பர எழுதிருவாங்களாம். மேல இருக்குறவருக்குப் பிரஷர்னு எப்படி எழுதுறதுன்னு அந்தப் பிள்ளைங்களுக்குப் பயம். அதான் வீட்டுப் பேரச் சொல்லி இங்க துறைமுகத்து ஆளுங்க வரிசையில போய் நிப்பார். இங்க இவர் யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"கூட்டத்துல இதச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அந்த நர்ஸுப் பிள்ளைங்க வேலை போயிரும்னார்."

"என்கிட்டயாவது தனியா…"

"உங்ககிட்டயா?" டீயை என் பக்கம் நகர்த்தினாள். "'அவன்கிட்ட சொன்னா அதுக்கும் ஒரு விதி போட்டுருவான்'னார்."

டீயைக் குடித்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தார். போதல. வர்றவங்க எல்லாம் நல்லா இருந்த மனுசன் திடீர்னு போயிட்டார்ங்கறாங்க. சான்றிதழ்லயும் திடீர்னுதான் இருக்கு. என்னத்தப் போட்டு ஆக்கிக் குடுத்தேனோன்னு என்னையப் பாக்குறாங்க. அவர் நல்லா இல்ல, அண்ணே. நீங்களாவது நல்லா இல்லைன்னு எழுதி வைங்க."

எழுதினேன். இணைக்காமல், உன் தமிழ்ப் பெயர்ப் பதிவையும் தனியாகவே முடித்தேன். எது அளந்து எழுதியது, எது அளக்காமல் எழுதியது என்று குறிப்பும் வைத்தேன். அதன் பிரதி ஒன்றை உறையில் போட்டு உன் வீட்டுக்கு அனுப்பினேன். நோயாளியின் விவரம் வெளியே போனது என்று நீ கோபப்படலாம். அவள் வெளியாள் இல்லை.

வெள்ளிக்கிழமை இணைப்பு நடக்கவில்லை. விதி என்னுடையது, தவறானது, ஏற்கெனவே இணைத்தவற்றைப் பழைய அட்டைகளோடு ஒப்பிட வேண்டும் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கத்துக்குள் முடித்தேன். ஓர் உதாரணம் உண்டா என்று இயக்குநர் கேட்டார். உண்டு, பெயர் சொல்ல இயலாது என்றேன். நர்ஸுகளைப் பற்றியும் சொல்லவில்லை. அளக்கும் நேரத்தில் பெயர் தெரியாமல் இருக்க வழி செய்யலாம் என்று மட்டும் சேர்த்தேன். ஆம், அதற்கும் ஒரு விதி போட்டுவிட்டேன். பதவி நிலைக்குமா என்பது அடுத்த கூட்டத்தில் தெரியும். பீரோக்களின் சாவி என்னிடம் இருக்கிறது. மா தீரியும் நானும் தினமும் ஒரு கட்டு அட்டையை அவிழ்க்கிறோம். வரி தவறாமல் இருக்க உன் கோல்தான்.

இன்னொன்று. ஊழியர் அறையில் எனக்கும் வருடக்கணக்காக நூற்றிருபதுக்கு எண்பதுதான். பெருமையாக வீட்டில் சொல்லியும் இருக்கிறேன். நேற்றுக் காலை அந்தச் சின்ன நிலையத்துக்குப் போய், துறைமுகத்து ஆட்களுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றேன். பெயர் கேட்டார்கள். அம்மா வைத்த பெயரைச் சொன்னேன். பட்டையைக் கட்டினார்கள், அளந்தார்கள், ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி அளந்தார்கள்.

எண் நன்றாக இல்லை. எழுதிக்கொண்டார்கள்.