கேட்காமலே இணைத்த கடிதம்

அப்பா,

வியாழக்கிழமை காலை ஒரு விண்ணப்பக் கோப்பைத் திறந்தபோது என் விரலில் தட்டுப்பட்டது கடதாசி இல்லை, பிளாஸ்டிக். இரண்டு தரம் லெமினேட் செய்து, ஓரம் மஞ்சளாகி, மூலைகள் தேய்ந்த ஒரு கடிதம். வாசிக்க முதலே என்னவென்று தெரிந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து இருந்தேன். மறுபடியும் எழுந்தேன். அன்றைக்கு முழுக்க அப்படித்தான்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கண்மூடி ஆறு மாதத்தில் கிடைத்த வேலை. கடைகளுக்குச் சாமான் விநியோகிக்கும் ஒரு கம்பனியின் மட்டக்களப்புக் கிளை. விண்ணப்பங்களைப் பிரித்து, பொலிஸ் அறிக்கையைச் சரிபார்த்து, அடையாளமிட்டு அனுப்புவது என் பொறுப்பு. சாரதி வேலைக்கு வந்த இந்தக் கோப்பு, கரடியனாற்றில் இருந்து வருகிற நாற்பது வயதுக்காரர் ஒருவருடையது. பொலிஸ் அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாரும் கேட்காமலே அந்தக் கடிதத்தையும் சேர்த்து வைத்திருந்தார். யுத்த காலத்தில் சந்தேகத்தின் பேரில் பதினெட்டு மாதம் தடுத்து வைத்திருந்து, வழக்கு எதுவும் போடாமல் விட்டபோது கொடுத்த கடிதம்.

உங்களிடமும் ஒன்று இருந்தது. நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது உங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழாம் ஆண்டில் வந்தீர்கள், அந்தக் கடிதத்தோடு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் லெமினேட் செய்து சட்டைப் பையில் வைத்தீர்கள். காலையில் லொறி எடுக்கப் போகும்போது அம்மா சோற்றுப் பார்சலைப் பற்றிக் கேட்கமாட்டா, “கடிதம் எடுத்தாச்சா?” என்றுதான் கேட்பா. கல்லடிப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டைக்கு முதலே அதை நீட்டுவீர்கள். சிப்பாய் பார்ப்பான், கையை அசைப்பான், நாங்கள் வாவியைக் கடந்து போவோம். கடிதம் சிங்களத்தில். உங்களுக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. “என்ன எழுதியிரிக்கெண்டு தெரியா புள்ள. ஆனா வேலை செய்யிது” என்று சிரிப்பீர்கள்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் அந்தப் பிழையைச் செய்தோம்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்த வருடம், கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலுக்குச் சாரதி தேவை என்றார்கள். நெல் லொறியில் முதுகு தேய்ந்துபோயிருந்த உங்களுக்கு, குளிரூட்டிய வேன் என்றதும் முகமே மாறிவிட்டது. படிவத்தை நான்தான் நிரப்பினேன். நீதிமன்றம் எப்போதாவது உங்களைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்திருக்கிறதா என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

“இதையும் வை. ஒளிச்சா ஒளிச்சவன் எண்டு சொல்லுவானுகள். காட்டிப்போட்டா முடிஞ்சிது.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. பாலத்தடியில் எங்களைக் காப்பாற்றிய கடதாசி, ஹோட்டல் மேசையில் மட்டும் எப்படிக் காட்டிக்கொடுக்கும்? பிரதி எடுத்து முதல் பக்கமாகவே குத்தினேன்.

நேர்முகத்துக்கு வந்திருந்த பொலன்னறுவைச் சிங்களவர் பந்துலவைப் பற்றி நீங்கள் அன்று பின்னேரம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒருவனை அடித்து, வழக்காகி, தண்டம் கட்டியவர் என்று அவரே வாங்கில் பக்கத்தில் இருந்து சொன்னாராம். உங்களுக்கு வெற்றிலை எல்லாம் தந்தாராம். பிறகு அவரை எடுத்தார்கள். உங்கள் கோப்பை ‘மேலே அனுப்பிப் பார்க்கவேண்டும்’ என்றார்கள். “அவன் அடிச்சவன் புள்ள, நான் அடி வாங்கினவன். வேலை அவனுக்கு” என்றீர்கள். அம்மாவும் சிரித்தா. என்னால் சிரிக்க முடியவில்லை. பந்துலவின் வழக்கு தண்டத்தோடு முடிந்துவிட்டது. உங்களுக்கு வழக்கே இல்லை, அதனால் முடிவும் இல்லை. நீங்கள் சாகும்வரை அந்தக் கோப்பு மேலேயே இருந்தது. நீங்கள் நெல் லொறியிலேயே இருந்தீர்கள்.

எங்கள் கம்பனியிலும் ஒரு ‘மேலே’ இருக்கிறது, அப்பா. அது எங்கும் எழுதப்பட்ட விதி இல்லை. சேர்ந்த முதல் வாரம் முகாமையாளர் வாயால் சொன்னது. தமிழ்ப் பெயராக இருந்து, முன்பு பிடிபட்டவர் என்றும் தெரியவந்தால் கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். அவரும் தமிழர்தான். “எங்களுக்கு என்னத்துக்குக் கரைச்சல் தங்கச்சி” என்றார். இரண்டு வருடமாக அனுப்பினேன். ஒரு கோப்பும் திரும்பி வரவில்லை. தண்டம் கட்டிய வேறு மாவட்டத்துக்காரர்களின் கோப்புகளை இதே மேசையில் நானே அடையாளமிட்டு விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னை வேலைக்கு எடுத்தபோது, தேநீர் குடித்துக்கொண்டே, வீட்டில் யாராவது உள்ளே இருந்தவர்களா என்று முகாமையாளர் கேட்டார். நான் ‘இல்லை’ என்றேன். தடுமாறாமல் சொன்னேன். அந்த நேரமும் உங்கள் கடிதம் என் கைப்பையில், அடையாள அட்டைக்குப் பின்னால்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கரடியனாற்றுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதத்தை நாங்கள் கேட்கவில்லை, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். “அத எடுத்துப்போட்டு அனுப்பாதங்க மிஸ். மறுகா ஒளிச்சவன் எண்டு சொன்னா நான் என்ன செய்யிற?” என்றார். உங்கள் குரல்தான், அப்பா. அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. பயத்தில் பழகிய கை, அது பழகியபடிதானே செய்யும்.

சனியும் ஞாயிறும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். இப்போது எனக்குச் சிங்களம் தெரியும். நீங்கள் இருக்கும்வரை அதில் என்ன இருக்கிறதென்று வாசித்துச் சொல்லக் கிடைக்காமல் போனதும் ஒருவகையில் நல்லதுதான். குற்றமற்றவர் என்று அதில் எங்கும் இல்லை. ‘தற்போதைக்கு விசாரணைக்குத் தேவையில்லை’ என்றுதான் இருக்கிறது. அந்தத் ‘தற்போதைக்கு’ என்ற சொல்லைத்தான் இத்தனை வருடம் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு திரிந்தீர்கள்.

இன்று காலை கோப்பை எடுத்து, தகுதி உண்டு, குற்றத்தீர்ப்பு இல்லை என்று அடையாளமிட்டேன். கடிதத்தை எடுக்கவில்லை. கோப்பின் மேல் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். தீர்ப்பு இருந்தும் இங்கேயே தெரிவானவர்களின் கோப்பு இலக்கங்கள் ஒரு பக்கம், தீர்ப்பே இல்லாமல் மேலே போய் வராதவர்களின் இலக்கங்கள் மறுபக்கம். கீழே என் பெயர்.

முகாமையாளர் இரண்டு தரம் வாசித்தார்.

“இதில உங்கட பேர் இரிக்கி, தங்கச்சி.”

“ஓம்.”

“உங்களுக்கென்ன, இந்தாள் சொந்தமா?”

நான் கைப்பையைத் திறந்து உங்கள் கடிதத்தை அவருடைய மேசையில் வைத்தேன். “இது அப்பாட. அண்டைக்கு நீங்க கேக்கக்குள்ள நான் பொய் சொன்னன்.”

அவர் அதைத் தொடவில்லை. ஆனால் பார்த்த உடனேயே அவருக்கும் விளங்கிவிட்டது, எனக்குக் கோப்பைத் திறந்தபோது விளங்கியதுபோல. கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “உள்ள வையுங்க. இத ஒருத்தரும் கேக்கல்ல” என்றார்.

பிரதி எடுத்து, என் குறிப்புக்குப் பின்னால் குத்தினேன். மத்தியானத் தபால் பொதியில் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிடுவார்களா, அந்த மனிதரைக் கூப்பிடுவார்களா, இரண்டு பேரையுமே கூப்பிடாமல் விடுவார்களா, தெரியாது. வீட்டுக்கு வந்ததிலிருந்து தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நாம் அன்று செய்த அதே பிழையை இன்று தெரிந்தே செய்திருக்கிறேன், அப்பா. அசல் பழைய இடத்தில்தான், அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. நாளைக் காலை வேலைக்குப் புறப்படும்போது அம்மா “கடிதம் எடுத்தாச்சா?” என்று கேட்பதற்கு முதலே நான் பையைத் தொட்டுப் பார்ப்பேன்.