காதுக்குள் பிரெஞ்சு

ஜனவரி 20, திங்கள்

மைனஸ் பதினெட்டு. கார்க் கதவு உறைந்து திறக்கவில்லை. வேலைக்கு அரை மணி தாமதம்.

தேட வேண்டியவை: மகள் ஆரணியின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வீட்டு விலாச அத்தாட்சி. பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் படிவம். பால்.

செப்டெம்பரில் ஆரணிக்குப் பள்ளிக்கூடம். தெரு முனையிலேயே இங்கிலிஷ் பள்ளிக்கூடம் இருக்கிறது, நடந்து போகலாம். எனக்கு அது வேண்டாம். மச்சாளுக்கு (என் கணவர் ரமணனின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார்) இது விளங்கவேயில்லை.

"ரொரன்ரோவிலை பிரெஞ்சு படிச்சு ஆரோடை கதைக்கப் போறாள்?"

என்னோடை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மச்சாளின் புட்டும் அப்படித்தான் இறங்கியது. ஆரணியின் காதுக்குள் பிரெஞ்சில் சொன்னேன்: மாமியின் புட்டு காய்ந்து போச்சு, தண்ணியோடு விழுங்கு. அவள் சிரிக்காமல் தலையாட்டினாள். கெட்டிக்காரி.

ஜனவரி 23, வியாழன்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

படிவத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம். தமிழ் என்று எழுதி அனுப்பினேன். பொய்யா எழுதுவது? இன்று அங்கிருந்து போன். தாய்க்கோ தகப்பனுக்கோ பிரெஞ்சு தாய்மொழி என்றால், அல்லது அவர்கள் கனடாவில் பிரெஞ்சில் படித்திருந்தால், உரிமையோடு சேர்க்கலாமாம். நான் ஐந்து வயதிலிருந்து கலியாணம் வரை பாரிஸில் படித்தவள். அது கணக்கில் வராது. ஒரு குழு எங்களைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். பிள்ளையையும் கூட்டி வர வேண்டும். வகுப்புகளோ நிரம்பி வழிகின்றன, நூலகத்தையும் மறித்து வகுப்பாக்கிவிட்டார்கள் என்றாள்.

போனில் பேசியவள் செனகல்காரி. பிறகு பனியைப் பற்றிக் கதைத்தோம். ஐந்து நிமிடம். வைத்ததும் அழுகை வந்துவிட்டது. வேலையில் நாள் முழுக்கப் போனில் பிரெஞ்சுதான்: மன்னிக்கவும், காத்திருங்கள், உங்கள் இணைப்பைப் பார்க்கிறேன். அது கதையா?

ஜனவரி 29, புதன்

பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டம். விளையாட்டு மண்டபம். கதிரை போதவில்லை. கொங்கோ, அல்ஜீரியா, ஹெய்ற்றி... எல்லாரும் ஒரே நேரத்தில் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள். கேட்கக் கேட்கப் பசி தீர்வது போல இருந்தது.

ஒரு தகப்பன்: என் மகன் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போகிறான், இங்கு வந்து தாழ்வாரத்தில் இருந்து சாப்பிடுகிறான்.

அதிகாரி: புதுப் பள்ளிக்கூடத்துக்குக் காணி தேடுகிறோம்.

பக்கத்தில் இருந்த பெண் மெதுவாக: "என் பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்." அவளுக்கு முப்பது வயதுகூட இராது. சிரித்துவிட்டேன். பிரெஞ்சில் யாரோடாவது சேர்ந்து சிரித்து எத்தனை வருடம்.

பெப்ரவரி 6, வியாழன்

உறைமழை. நேர்முகம். என் பிழை, முழுக்க என் பிழை.

தலைமை ஆசிரியை நாய்ப் படம் காட்டினார். குடைப் படம் காட்டினார். பெயர் கேட்டார். ஆரணி வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தாள். குளிர்க் கோட்டுக்குள் எனக்கு வியர்த்து ஊத்தியது.

பிறகுதான் உறைத்தது. பிரெஞ்சு காதுக்குள் மட்டும், மற்றவர்களுக்கு முன்னால் சத்தமாக இல்லை. மச்சாளுக்குப் பயந்து நானே போட்ட சட்டம். பிள்ளை சொல்லுக் கேட்கிறாள்.

கடைசியில் என் கோட்டுக் கழுத்தை இழுத்து, காதுக்குள் பிரெஞ்சில்: "அம்மா, கவனம். இவவுக்கு எங்கட பாஷை தெரியும்."

நாலு வயதுப் பிள்ளையின் ரகசியம் அடுத்த அறைக்கும் கேட்கும். தலைமை ஆசிரியை குனிந்து ஏதோ எழுதினார். தோள் குலுங்கியது. என்ன எழுதினார் என்று தெரியாது.

பெப்ரவரி 13, வியாழன்

கடிதம் இல்லை. மின்னஞ்சல் இல்லை. பனி முழங்கால் வரை.

ரமணன்: "கிடைக்காட்டி விடுமன். வீட்டிலை கதைச்சாப் போச்சு." அவருக்கு எப்படிச் சொல்வது, எனக்குப் பள்ளிக்கூட வாசல் வேண்டும். அங்கே நின்று மற்றத் தாய்மாரோடு வம்பளக்க வேண்டும். மகள் பையை இழுத்துக்கொண்டு பிரெஞ்சில் கத்தியபடி ஓடி வர வேண்டும்.

அம்மா ஞாபகம். பாரிஸ் பள்ளிக்கூட வாசலில், ரீச்சருக்கு முன்னாலேயே, குனிந்து என் காதுக்குள் தமிழில்: "உவவின்ரை சப்பாத்தைப் பார், படகு மாதிரி." நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. அம்மா போய் மூன்று வருடம்.

பெப்ரவரி 20, வியாழன்

கிடைத்துவிட்டது!! கிட்டவுள்ளதில் இடமில்லை. அடுத்ததில், முற்றத்துத் தற்காலிகக் கொட்டகை வகுப்பு. பஸ்ஸில் ஐம்பது நிமிடம். பரவாயில்லை, பரவாயில்லை.

மச்சாள்: "அவ்வளவு நேரமோ? பிள்ளை பசி கிடக்கப் போறாள்." உடனே புட்டுக்கு மாக் குழைக்கப் போய்விட்டார்.

பின்னேரம் ஆரணிக்குச் சீப்பால் தலை இழுத்தேன்.

"அங்கை எல்லாருக்கும் எங்கட பாஷை தெரியுமோ?"

"ஓம்."

முகம் வாடிவிட்டது. "அப்ப உங்கட காதுக்கை நான் என்ன பாஷையிலை சொல்லுறது?"

சீப்பைக் கீழே வைத்தேன்.

"தமிழிலை," என்றேன். "அங்கை ஒருத்தருக்கும் தெரியாது."

யோசித்தாள். கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். காதில் சூடான மூச்சு. அப்படியே அம்மா. கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாமியின்ரை புட்டு காஞ்சு போச்சு."

குசினியில் மச்சாளின் பாத்திரச் சத்தம் நின்றது.